மச்சுத் தரைக்கு அடியில் ஒரு கடல்

தூத்துக்குடியிலிருந்து பாளையங்கோட்டை செல்லும் சாலையில் புதுக்கோட்டை என்றோர் ஊர் உண்டு. தொண்டைமான்களின் தலைநகரோடு அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அவ்வூர் தொடங்கித் துறைமுகத் தெருக்கள் வரை, பழைய மாடி வீட்டைப் புதுப்பிக்க முனைவோர் பலர் முதலில் கை வைப்பது மச்சின் தரையில்தான். மங்கிய ஓடுகளைப் பெயர்த்துவிட்டுப் பளபளக்கும் டைல்ஸ் பதிக்க விரும்புகிறார்கள். அடியில் இருப்பது கான்கிரீட் அன்று, மரம் என்பது பெயர்த்த பிறகே சிலருக்குத் தெரிகிறது.

அந்தத் தளம் அமைந்த விதம் எளியது, ஆனால் நுட்பமானது. சுவரிலிருந்து சுவருக்கு உத்திரம். அதன்மேல் நெருக்கமாகக் கட்டைகள். கட்டைகளின்மேல் பலகை, அல்லது குத்தாக நிறுத்திய மெல்லிய செங்கல். அதற்கு மேல் செங்கல் சல்லியும் சுண்ணாம்பும் கலந்த காரை. கடுக்காய் நீரும் கருப்பட்டி நீரும் தெளித்து, மரக்கட்டையால் நாட்கணக்கில் அடித்து இறுக்குவார்கள். ஓடு பதிப்பது கடைசி வேலை.

இவ்வடுக்குகளைக் கடலோர வணிகத்தின் ஏடுகளாகவே நாம் வாசிக்கலாம். எளிய வீடுகளில் கட்டையாக நின்றது இம்மண்ணின் பனங்கை. வசதியுள்ளோர் தேக்கை நாடினர். மலையாள மலைகளிலிருந்தும், 1852இல் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் வசமான பின் அங்கிருந்தும் அது வந்தது. 1865இல் மங்களூரில் பாசல் மிஷன் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது. 1876இல் தூத்துக்குடிக்கு இரயில் வந்தது. மேற்குக் கரையின் ஓடு கிழக்குக் கரைக்கு வருவது அதன்பின் எளிதாயிற்று. சன்னலையும் அலமாரியையும் மேசையையும் போர்த்துக்கீசியரிடம் கடன் வாங்கிய நம் மொழி, பனங்கைக்கு யாரிடமும் கையேந்தவில்லை என்பதையும் இங்கே சொல்லத் தோன்றுகிறது.

காரையின் கதைதான் நம்மை மிகவும் ஈர்ப்பது. முத்துக்குளித்துறையில் சுண்ணாம்பு என்றால் சிப்பியும் சங்கும் பவளப்பாறையும் சுட்டு நீற்றியது. மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகளைக் கட்டடத்துக்காக வெட்டியெடுக்கும் வழக்கம் நெடுங்காலம் நீடித்தது. 1986இல் அங்கே கடல்சார் தேசியப் பூங்கா அமைந்தது; 2001இல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. மிகவும் தேவையான தடை அது. ஆகவே, பழைய மச்சில் பவளக்காரை இருக்குமானால் அது இனி எவராலும் இட முடியாத காரை.

மரம் மழைக்காலத்தில் ஈரமுண்டு சற்றே பருக்கும், கோடையில் சுருங்கும். சுண்ணாம்பு அதற்கு இணங்கிக் கொடுக்கும். ஈரத்தை வாங்கி வெளியே விடும். சிமென்ட் இவ்விரண்டையும் செய்யாது. விறைத்து நிற்கும், வெடிக்கும், கசிந்த நீரை மரத்தோடு சேர்த்துப் பூட்டி வைக்கும். பாரம் வேறு. 10 அடிக்கு 12 அடி அறையில் 5 சென்டிமீட்டர் கனத்துக்குச் சிமென்ட் கலவை பரப்பினால் ஏறத்தாழ 1,100 கிலோ; டைல்ஸின் எடை தனி. பழையதைப் பெயர்க்காமல் அதன்மேலேயே புதியதைப் பதிக்கும் குறுக்குவழியில் இவ்வளவும் அந்தக் கட்டைகளின் தலையில் ஏறுகிறது. பழையது எதுவும் புனிதம் என்று நாம் வாதிடவில்லை. உளுத்த கட்டையை மாற்றத்தான் வேண்டும்.

ஆனால் கொத்தனாருக்கு முன் தச்சரை அழைக்க வேண்டும். கீழ் அறையில் நின்று ஒவ்வொரு கட்டையையும் தட்டிப் பார்க்கட்டும். சுவருக்குள் புதைந்த முனையைக் கூரிய கம்பியால் குத்திப் பார்க்கட்டும். கரையானும் ஈரமும் முதலில் தின்பது அம்முனையைத்தான். மரம் நன்றாக இருந்தால் காரையைத் தொடாமல் ஓட்டை மட்டும் மாற்றலாம். பள்ளங்களைச் சிப்பிச் சுண்ணாம்பால் நிரப்பலாம். பெயர்த்த ஓடுகளில் உடையாதவற்றைச் சேர்த்தால் ஓர் அறைக்காவது தேறும். அந்த ஓர் அறையைப் பழைய ஓட்டாலேயே பதித்துக்கொள்ளலாம்.