கழற்றலும் பூட்டலும்

நல்ல உரை எது என்று கேட்டால் தமிழ் படித்தவர் ஒரு மணிநேரம் பேசுவார். பரிமேலழகரா மணக்குடவரா என்று வழக்காடவும் செய்வார். வாசலில் நிற்கும் தம் காரைத் தாமே பழுதுபார்க்க நல்ல கையேடு எது என்று கேட்டுப் பாருங்கள், மெக்கானிக்கின் கைபேசி எண்ணைத்தான் தருவார். இரண்டும் ஓரினத்து வினாக்கள் என்பது நம் துணிபு. அதை விளக்க, இலங்கையில் பிறந்த ஓர் ஆங்கிலேயரிடமிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

ஜான் ஹேன்ஸ் 1938-இல் இலங்கையில் தோட்ட மேலாளர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர். பள்ளிப் படிப்புக்கு இங்கிலாந்து சென்றவர், விளையாட்டுத் திடலைவிடப் பழைய ஆஸ்டின் செவன் காரையே அதிகம் விரும்பினார். அதை மாற்றிக் கட்டிய விதத்தை மாணவப் பருவத்திலேயே சிறு நூலாக எழுதி விற்றார். பின்னர் விமானப்படைப் பணியில் ஏடனில் இருந்தபோது நண்பர் ஒருவரின் ஸ்பிரைட் காரைச் சீர்செய்ய நேர்ந்தது. தொழிற்சாலை வெளியிட்ட கையேடு, பட்டறையில் பயின்றவனுக்குச் சொல்வதுபோல் எழுதப்பட்டிருந்தது. பயிலாதவனுக்கு அதில் வழியில்லை. ஹேன்ஸ் காரை முழுவதும் கழற்றி, ஒவ்வொரு கட்டத்தையும் படம் பிடித்து, மறுபடி பூட்டினார். 1966-இல் அந்தக் காருக்கான கையேடு வெளிவந்தது. முதற்பதிப்பின் 3000 படிகளும் மூன்று மாதங்களுக்குள் தீர்ந்தன.

இதில் நாம் கவனிக்க வேண்டியது விற்பனையை அன்று. எழுதுபவன் முதலில் தன் கையால் கழற்ற வேண்டும் என்பதே அங்கே விதி. இறையனார் களவியல் உரை நூற்கு உரை செய்யும் வகையைக் கருத்து, கண்ணழிவு, பொழிப்பு, அகலம் என நான்காகச் சொல்லும். தொடரைச் சொல் சொல்லாகப் பிரித்துக் காட்டுவது கண்ணழிவு. கார்பரேட்டரின் உறுப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக அந்தரத்தில் விலக்கி நிறுத்தி வரைந்த படத்தை முதன்முதலில் பார்த்தபோது நமக்கு அந்தச் சொல்தான் நினைவுக்கு வந்தது. அத்தகைய படம் இல்லாத கையேடு, கண்ணழியாமல் பொழிப்பு மட்டும் சொல்லும் உரை. அவசரத்துக்கு ஆகும், ஸ்பானரை எடுத்தபின் ஆகாது.

உரையில் மூலபாடம் மாறினால் பொருளும் மாறும். காரிலும் அப்படித்தான். அம்பாசடர் வெளித்தோற்றத்தில் அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் பெரிதும் மாறாத வண்டி. உள்ளே நெடுங்காலம் இருந்தது 1489 சி.சி. பெட்ரோல் என்ஜின், பிறகு டீசல் வந்தது, 1990-களில் இசுசு என்ஜின் புகுந்தது. 1489-க்கு எழுதிய கையேட்டை வைத்துக்கொண்டு இசுசுவைத் திறப்பவர், புறநானூற்று உரையைக் கையில் வைத்துக்கொண்டு கலித்தொகைக்குப் பொருள் தேடுபவர். ஆகவே கையேடு வாங்குமுன் பார்க்க வேண்டியது அட்டைப்படத்தை அன்று, என்ஜின் வகையையும் ஆண்டையுமே. சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டின் மூலம் ட்ரையம்ஃப் ஹெரால்டு; அந்த ஆங்கிலக் காருக்கு ஹேன்ஸ் கையேடு உண்டு. ஆனால் நான்கு கதவு வைத்து இங்கே மாற்றிய வண்டிக்கு என்ஜின் அதிகாரம் பொருந்தும். கதவு அதிகாரம் பொருந்தாது. இத்தகைய நூல்களைத் தேடுவோர்க்கு 1985-இல் தீக்கிரையாகும்வரை சென்னை மூர் மார்க்கெட் இருந்தது.

கிடைத்தாலும் மொழி தடுக்கும். ஆங்கிலம் தெரிந்தவர்க்கும் தடுக்கும் என்பதுதான் வேடிக்கை. நம் பட்டறைகளில் ‘ஸ்டெப்னி’ என்றால் மாற்றுச் சக்கரம். 1904-இல் வேல்ஸ் நாட்டு லனெல்லி ஊரில், ஸ்டெப்னி தெருவில் பிறந்த வணிகப் பெயர் அது. பிறந்த நாட்டில் மறைந்துவிட்டது, விருதுநகரில் வாழ்கிறது. ‘டிக்கி’யும் அப்படியே. என்ஜினைக் கிளப்பும் மோட்டாருக்கு ‘செல்ஃப்’ என்று பெயர். ஆங்கிலக் கையேட்டின் பொருளடைவில் இம்மூன்றையும் தேடினால் உரிய இடம் கிட்டாது. கலைச்சொல் ஆக்கத்துக்குச் சேலத்தில் 1916-லேயே சங்கம் கண்டவர்கள் நாம். ஆயினும் பட்டறைச் சொற்களை அப்படியே எடுத்து அடைவு செய்யும் எளிய வேலைக்குப் புலவர்கள் இறங்கவில்லை. அவை தமிழல்ல என்று ஒதுக்கினோம். திருப்புளி என்னும் நல்ல சொல்லைத் தந்தவர்களும் அந்தப் பட்டறையினரே.

சிவகாசியின் நிலை இன்னும் விந்தையானது. 1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்கக் கல்கத்தாவுக்குப் போனார்கள். நூல் வாங்கி வரப் போகவில்லை. செய்பவர் அருகில் இருந்து கண்ணாலும் கையாலும் கற்றுவரப் போனார்கள். ஜி.டி. நாயுடுவும் ஒரு ரட்ஜ் மோட்டார் சைக்கிளை விலைக்கு வாங்கிக் கழற்றிப் பார்த்தே கற்றவர். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டியிருந்ததால் அச்சகம் வந்தது. அச்சகம் பெருகி நாட்காட்டியும் நாட்குறிப்பும் பாடநூலும் அச்சிடும் நகரமானது. வண்ண அச்சில் இத்தனை தேர்ச்சியுள்ள ஊரிலிருந்து, கழற்றிக் காட்டும் படங்களோடு ஒரு முழுமையான தமிழ்க் கார்க் கையேட்டை நாம் கண்டதில்லை. மோட்டார் மெக்கானிசம் பற்றிய பொதுநூல்கள் தமிழில் உண்டு. நான்கு வீச்சுகளை அவை விளக்கும். குறிப்பிட்ட ஒரு வண்டியின் குறிப்பிட்ட ஒரு போல்ட்டை எவ்வளவு முறுக்க வேண்டும் என்பதைச் சொல்லா.

அந்த அளவு சிறு செய்தியன்று. சிலிண்டர் ஹெட்டின் போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிநோக்கி, படிப்படியாக, சொன்ன அளவுக்கு முறுக்க வேண்டும். குறைந்தால் கேஸ்கட் கசியும். மிகுந்தால் மரை போகும். தேர்ந்த மெக்கானிக் இதைக் கைக்கணக்கில் செய்வார். அவருடைய கை அவருக்கு மட்டுமே உரியது. உடன் நிற்கும் சிறுவனுக்கு அது எண்ணாக வந்து சேர்வதில்லை. விருதுநகரில் நாம் அறிந்த ஒரு பட்டறையில் ஆங்கிலக் கையேடு முதலாளியின் மேசைப் பெட்டிக்குள் பூட்டிக் கிடந்தது. எட்டாம் வகுப்போடு நின்ற உதவியாளன் பெட்டி திறந்த வேளைகளில் படங்களை மட்டும் பார்ப்பான். பிரேக் வேலையை அந்தப் பையன்தான் செய்தான். அவனுக்குத் தமிழ் நன்றாக வாசிக்க வரும்.

ஹேன்ஸ் 2019-இல் மறைந்தார். புதிய கார்களுக்கு அச்சுக் கையேடு இனி வெளியிடுவதில்லை என்று அவர் நிறுவனம் 2020-இல் அறிவித்தது. இன்றைய வண்டி தன் நோயைப் பி0300 என்று குறியீட்டால் சொல்கிறது. தமிழில் விளக்கும் காணொளிகளும் கிடைக்கின்றன. ஓடும் காட்சியில் அளவைத் தேடி எடுப்பது எளிதன்று என்பதால், பழைய வண்டிக்காரர்கள் இப்போதும் வருடிப் பிரதிகளையே நாடுகின்றனர். அப்படி ஒன்று கிடைத்தால் முதலில் மின்கம்பி வரைபடத்தைத் திறந்து கம்பி நிறங்கள் படிக்கும்படி இருக்கின்றனவா என்று பாருங்கள். அடுத்து முறுக்கு அளவுப் பட்டியல். பல பிரதிகளில் அந்தப் பக்கத்தின்மீதுதான் கிரீஸ் விரல் பதிந்திருக்கிறது.