நாயின் குற்றமா, வளர்த்தவர் குற்றமா?

நாய் கடித்தால் பழி யாரைச் சேரும்? பிரிட்டன் இதற்கு இருவேறு விடைகளைக் கூறியிருக்கிறது.

1871ஆம் ஆண்டின் நாய்கள் சட்டம் இனம் எதுவெனக் கேட்கவில்லை. எந்த நாயாயினும், அது ஆபத்தானதென்று நீதிமன்றம் கண்டால், அதைக் கட்டுக்குள் வைக்குமாறு உடையவருக்கு ஆணையிடும். இல்லையேல் கொல்லச் சொல்லும். 1991இல் நாய்கள் சிலரைக் குதறிய செய்திகள் பரபரப்பூட்டவே, பாராளுமன்றம் அவசர அவசரமாகப் புதிய சட்டம் இயற்றியது. பிட்புல் டெரியர், ஜப்பானியத் தோசா முதலிய நான்கு வகைகள் தடை செய்யப்பட்டன. கட்டுப்பாடின்றி நாயை விடுபவரைத் தண்டிக்கும் பிரிவும் அதில் உண்டு. ஆனால் மக்கள் பேசியதெல்லாம் இனத்தைப் பற்றியே!

பிட்புல்லின் முன்னோர் சண்டைக்கென்றே புல்டாக்கையும் டெரியரையும் கலந்து உண்டாக்கப்பட்டவை என்பது மெய்தான். அதன் பிடியும் வலியது. ஆயினும் அங்கே அது பதிவு பெற்ற இனமன்று. எனவே தலை, மார்பு, கால்களின் அமைப்பைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டியதாயிற்று. யாரையும் கடித்தறியாத நாய்களும் உருவத்தால் அகப்பட்டு உயிரிழந்தன. 1997இல்தான், சாதுவான நாயை நிபந்தனைகளுடன் விட்டுவைக்கும் உரிமை நீதிபதிகளுக்குக் கிடைத்தது.

உருவம் குணத்தைக் காட்டுமா? 18,000க்கு மேற்பட்ட நாய்களைப் பற்றி அமெரிக்காவில் நடந்த ஆய்வு 2022இல் வெளியாயிற்று. தனித்தனி நாய்களின் நடத்தை வேறுபாட்டில் இனத்தால் விளங்குவது சுமார் 9 சதவீதமே என்றது அது. பழக்கும் விதம், வளரும் சூழல் ஆகியவற்றை ஒதுக்கிவிட்டு இனத்தை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது, எம் கருத்தில், பாதி விசாரணையே.

ஆனால் தடைப்பட்டியல் நீண்டது. எக்ஸ்எல் புல்லி என்னும் ஐந்தாம் வகையை விலக்குச் சான்றிதழின்றி வைத்திருப்பது 2024 பிப்ரவரி 1 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் குற்றமாயிற்று. அதை இனங்காண அரசு தந்த அளவுகளுள் ஒன்று தோள் உயரம்: ஆணுக்கு 51 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 48.