முகம் காட்டும் கணக்கு: கார் நிக்கோபாரிலிருந்து ஒரு பார்வை

“அகத்தின் அழகு முகத்தில் தெரியும்” என்பது நம்ம வீட்டுப் பெரியவர்கள் வாயில் அடிக்கடி வரும் பழமொழி. முகம் பார்த்து மனம் அறியும் கலைக்குக் ‘குறிப்பறிதல்’ என்று பெயரிட்டு, பொருட்பாலில் ஒன்றும் காமத்துப்பாலில் ஒன்றுமாக இரண்டு அதிகாரங்களையே ஒதுக்கியிருக்கிறார் திருவள்ளுவர். ஒரு மனிதரின் கோபதாபம் முகத்தில் தெரிவது சரி. ஒரு நாட்டின் மக்கள்தொகை, படிப்பு, வருமானம், ஆயுள் எல்லாவற்றையும் ஒரே முகத்தில் எழுதிக் காட்டலாம் என்று யாராவது சொன்னால் நம்புவீர்களா? 1973ஆம் ஆண்டில் ஓர் அறிஞர் அதற்கு வழி சொன்னார். சொன்னதோடு நிற்காமல் கணினியைக் கொண்டு வரைந்தும் காட்டினார். அந்த முகங்களின் வரலாற்றையும், நம் அருகில் இருக்கும் கார் நிக்கோபாருக்கு அதைப் பொருத்தினால் என்ன தெரிகிறது என்பதையும் இக்கட்டுரையில் காண்போம்.

எண்ணுக்கு முளைத்த கண்ணும் மூக்கும்

அந்த அறிஞரின் பெயர் ஹெர்மன் செர்னாஃப். 1923இல் நியூயார்க்கில் பிறந்தவர். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் பேராசிரியராக இருந்தபோது இந்த யோசனை அவருக்கு உதித்தது. பத்து ஊர்களைப் பற்றி ஊருக்குப் பன்னிரண்டு எண்கள் என்று ஓர் அட்டவணை கொடுத்தால் நமக்குத் தலை சுற்றும். ஆனால் ஆயிரம் பேர் கூடும் கல்யாண வீட்டில், இருபது வருஷத்துக்கு முன் பார்த்த சித்தப்பா மகனை ஒரே பார்வையில் கண்டுபிடித்து விடுகிறோம். முகத்தைப் படிப்பதில் மனிதக் கண்ணுக்கு அப்படி ஒரு தேர்ச்சி. இந்தத் தேர்ச்சியைக் கணக்குக்குப் பயன்படுத்தினால் என்ன என்பதுதான் செர்னாஃபின் கேள்வி.

வழி எளிது. ஒவ்வோர் எண்ணுக்கும் முகத்தின் ஓர் உறுப்பை ஒதுக்க வேண்டும். முதல் எண் பெரிதானால் முகம் அகலும். இரண்டாவது பெரிதானால் கண் விரியும். மூன்றாவது ஏறினால் உதடு மேல்நோக்கி வளையும், இறங்கினால் கீழ்நோக்கித் தொங்கும். மூக்கின் நீளம், புருவத்தின் சாய்வு என்று இப்படிப் பதினெட்டு எண்கள் வரை ஒரே முகத்தில் ஏற்றலாம். செர்னாஃப் முதலில் வரைந்தது நாடுகளை அல்ல. 87 புதைபடிவங்களின் ஆறு அளவுகளையும், மலையில் துளையிட்டு எடுத்த 53 பாறை மாதிரிகளின் பன்னிரண்டு கனிம அளவுகளையுமே முகங்களாக்கினார். ஒரே சாயல் கொண்ட முகங்கள் ஒரு குடும்பம். சாயல் மாறினால் வேறு குடும்பம்.

கல்லிலிருந்து மனிதருக்கு வர அதிக நாள் ஆகவில்லை. 1977இல் யூஜின் டர்னர் என்பவர் லாஸ் ஏஞ்சல்ஸ் நகர வரைபடத்தில் பகுதிக்கு ஒரு முகம் வைத்தார். செல்வம் முகத்தின் வடிவமாயிற்று, வேலையின்மை வாயாயிற்று, நகர வாழ்வின் நெருக்கடி கண்ணாயிற்று, வெள்ளையர் விகிதம் முகத்தின் நிறமாயிற்று. படம் புகழ் பெற்றது, கூடவே கண்டனமும் பெற்றது. ஏழைகள் வாழும் தெருக்களுக்குக் கோப முகம் வரைந்தால், பார்ப்பவர் மனத்தில் அங்கே வாழ்கிறவர்களைப் பற்றி என்ன பதியும்? இந்தக் கேள்வியை நினைவில் வையுங்கள். பின்னால் நமக்கு உதவும்.

நீலகிரியும் கல்கத்தாவும்

இந்த வரலாற்றில் நம் மண்ணும் வருகிறது. செர்னாஃப் 1948இல் முனைவர் பட்டம் பெற்றபோது அவருக்கு வழிகாட்டியாக இருந்தவர் ஆபிரகாம் வால்ட் என்ற மாமேதை. வால்ட் 1950இல் சொற்பொழிவுப் பயணமாக இந்தியா வந்தார். அந்த ஆண்டு டிசம்பர் 13ஆம் தேதி அவர் சென்ற விமானம் நீலகிரி மலையில் கோத்தகிரிப் பக்கம் மோதியது. மனைவியோடு அங்கேயே மறைந்தார். அப்போது அவருக்கு வயது 48.

செர்னாஃபுக்கு ஐம்பது ஆண்டுகள் முன்னால் கல்கத்தாவில் இன்னொரு வேலை நடந்தது. பிரசாந்த சந்திர மஹலனோபிஸ், நெல்சன் அனண்டேல் என்ற விலங்கியலாளர் ஆங்கிலோ இந்தியர்களிடம் எடுத்திருந்த உடல், தலை, முக அளவுகளை வாங்கி ஆராய்ந்து 1922இல் கட்டுரை வெளியிட்டார். ஒரு கூட்டத்துக்கும் இன்னொரு கூட்டத்துக்கும் உள்ள சாயலை எப்படி அளப்பது என்ற அந்தத் தேடலே 1936இல் ‘மஹலனோபிஸ் தொலைவு’ என்று இன்று உலகமே பயன்படுத்தும் சூத்திரமாக முடிந்தது. இவர் முகத்தை அளந்து எண்ணாக்கினார். அவர் எண்ணை வாங்கி முகமாக்கினார். இரண்டுக்கும் அடியில் கிடப்பது ஒரே ஆசைதான்: பல எண்களை ஒரே பார்வையில் ஒப்பிட வேண்டும்.

மாநக்கவாரத்தின் எண்ணிக்கை

இனி நம்ம தீவுக்கு வருவோம். முதலாம் இராசேந்திரனின் கல்வெட்டு ‘மாநக்கவாரம்’ என்று குறிப்பதே நிக்கோபார் என்பது அறிஞர் கருத்து. 1756இல் டேனிஷ்காரர்கள் உரிமை கொண்டாடினார்கள். 1869இல் ஆங்கிலேயர் எடுத்துக்கொண்டார்கள். 1901ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பை ரிச்சர்டு டெம்பிள் நடத்தியபோது நிக்கோபார்த் தீவுகள் அனைத்திலும் சேர்த்து இருந்தவர்கள் ஆறாயிரத்துச் சொச்சம் பேர்.

வெள்ளைக்காரர் வந்து எண்ணக் கற்றுக் கொடுத்தார் என்று நினைத்துவிடக் கூடாது. நிக்கோபாரிகளுக்குச் சொந்தக் கணக்கு இருந்தது. தென்னைதான் அவர்கள் செல்வம். தேங்காயை இரண்டிரண்டாகச் சேர்த்து, இருபது இருபதாக அடுக்கி, லட்சக்கணக்கில் எண்ணினார்கள். பிரம்பிலும் மூங்கிலிலும் வெட்டுப் போட்டுக் கணக்கு வைத்தார்கள். எட்வர்டு ஹோரஸ் மேன் போன்ற அதிகாரிகள் இதையெல்லாம் எழுதி வைத்திருக்கிறார்கள்.

கார் நிக்கோபாரின் பரப்பு சுமார் 127 சதுர கிலோமீட்டர். நிக்கோபார் மாவட்டத்தின் தலைமையிடம் அதுதான். 1956ஆம் ஆண்டின் பழங்குடிப் பாதுகாப்பு ஒழுங்குமுறையால் அனுமதிச் சீட்டு இல்லாமல் வெளியார் அங்கே கால் வைக்க முடியாது. நல்ல ஏற்பாடு, அது இருக்கத்தான் வேண்டும். ஆனால் அதனால் ஒன்று நடக்கிறது. போர்ட் பிளேரில் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) நாற்பது வருஷம் குடியிருந்த தமிழ்க் குடும்பத்துக்குக்கூட கார் நிக்கோபார் என்பது கண்ணால் கண்ட ஊராக இருப்பதில்லை. அரசாங்க அறிக்கையில் வரும் எண்ணாகத்தான் இருக்கிறது. ஆகவே அந்த எண்ணுக்கு யார் என்ன முகம் வரைகிறார் என்பது முக்கியமாகிறது.

இரண்டு முகங்கள்

2001, 2011 கணக்கெடுப்புகளிலிருந்து மூன்றே மூன்று எண்களை எடுத்துக்கொண்டு செர்னாஃப் முகம் வரைந்து பார்த்தேன். மக்கள்தொகைக்கு முகத்தின் அகலம், ஆயிரம் ஆண்களுக்கு எத்தனை பெண்கள் என்பதற்குக் கண், எழுத்தறிவுக்கு வாய்.

முதலில் அந்தமான் நிக்கோபார் ஒன்றியப் பகுதி முழுவதும். மக்கள்தொகை 3,56,152லிருந்து 3,80,581 ஆயிற்று, முகம் அகன்றது. பெண்கள் 846லிருந்து 876 ஆனார்கள், கண் விரிந்தது. எழுத்தறிவு 81.3 விழுக்காட்டிலிருந்து 86.6 ஆயிற்று, உதடு மேலே வளைந்தது. ஆகா, எவ்வளவு மலர்ந்த முகம்!

அடுத்து நிக்கோபார் மாவட்டம் மட்டும். மக்கள்தொகை 42,068லிருந்து 36,842 ஆயிற்று, முகம் ஒடுங்கியது. பெண்கள் 857லிருந்து 777 ஆனார்கள், கண் சிறுத்தது. எழுத்தறிவு மட்டும் 72.3லிருந்து 78.1க்கு ஏறியது. அதனால் வாய் சிரிக்கிறது!

பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த பேத்தி கேட்டாள்: “தாத்தா, இது ஏன் இப்படி மெலிஞ்சுபோய் சிரிக்குது? பயமா இருக்கு.”

நான் வாய்க்கும் முகத்துக்கும் ஒதுக்கிய எண்களை மாற்றிப் போட்டேன். எழுத்தறிவு அகலமாயிற்று, மக்கள்தொகை வாயாயிற்று. இப்போது அதே முகம் உதடு தொங்கி அழுதது. எண் ஒன்றும் மாறவில்லை, மாறியது என் பென்சில் மட்டும். செர்னாஃபே இதை உணர்ந்திருந்தார். 1975இல் ரிஸ்வி என்பவரோடு சேர்ந்து சோதித்துப் பார்த்து, உறுப்புகளை மாற்றி ஒதுக்கினால் முகங்களைப் பார்த்து வகை பிரிப்பதில் ஏற்படும் பிழையின் அளவு சுமார் 25 விழுக்காடு வரை மாறலாம் என்று எழுதினார். தன் கண்டுபிடிப்பின் குறையைத் தானே அளந்து சொன்ன நேர்மையைப் பாராட்டத்தான் வேண்டும்.

அந்த முகம் ஏன் மெலிந்தது என்று இந்தத் தீவுகளில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26 காலை ஆறரை மணிக்கு நிலம் நடுங்கியது; அதன்பின் கடல் வந்தது. நிக்கோபார் மாவட்டத்தில் மட்டும் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள். கார் நிக்கோபார் விமானப் படைத் தளத்தில் வீரர்களும் குடும்பத்தாருமாக நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். தப்பித்த வெளியூர்க்காரர் பலர் தீவை விட்டே போனார்கள். இருபதாயிரத்துக்கு மேல் இருந்த கார் நிக்கோபார் மக்கள்தொகை 2011இல் பதினெட்டாயிரத்துக்குக் கீழே வந்தது. ஆனால் ஒன்றியப் பகுதி முழுவதற்கும் ஒரு முகம் வரைந்தால் இதில் ஒரு கண்ணீர்த் துளிகூடத் தெரியாது. பெரிய முகத்தின் சிரிப்பில் சின்ன முகம் மறைந்துபோகிறது.

படிவத்தில் கட்டம் இல்லாத துஹேத்

இன்னொரு குறை இதைவிட ஆழமானது. எந்த உறுப்பை எங்கே வைப்பது என்பது அடுத்த கேள்வி. எண்ணவே படாத ஒன்றுக்கு எந்த உறுப்பை வைப்பது?

கார் நிக்கோபாரில் குடும்பம் என்றால் துஹேத். அண்ணன் தம்பி, அவர்கள் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்று பல அடுப்புகள் சேர்ந்த பெருங்குடும்பம் அது. நிலமும் தென்னந்தோப்பும் பன்றிகளும் துஹேத்துக்குச் சொந்தம், தனியாளுக்கு அல்ல. நம் செட்டிநாட்டு வளவு வீட்டைப் பார்த்தவர்களுக்கு இது ஓரளவு புரியும். ஆனால் கணக்கெடுப்புப் படிவத்தில் ‘வீடு’ என்று கட்டம் உண்டு, ‘துஹேத்’ என்று கட்டம் இல்லை. கடல்கோளுக்குப் பின் நிவாரணமும் புது வீடுகளும் கணவன், மனைவி, பிள்ளைகள் என்ற தனிக்குடும்பக் கணக்கில் வந்தன. உதவி செய்தவர்கள் நல்ல மனத்தோடுதான் செய்தார்கள். ஆனாலும் ஒரே தோப்பில் ஒன்றாக இருந்தவர்கள் வரிசை வீடுகளில் பிரிந்தார்கள். பொதுவாக இருந்த சொத்தில் ‘என்னுது’, ‘உன்னுது’ நுழைந்தது என்று ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். வீடுகளின் எண்ணிக்கையை வைத்து முகம் வரைந்தால் அது செழித்துத் தெரியும். உடைந்த துஹேத்துக்கு அந்த முகத்தில் இடமே கிடையாது.

நமக்கு இதில் என்ன?

நமக்கும் இதில் பங்கு உண்டு. 2001இல் அந்தமான் நிக்கோபாரில் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் சுமார் 63 ஆயிரம் பேர். நூற்றுக்குப் பதினெட்டுப் பேர் என்று வைத்துக்கொள்ளலாம். 2011இல் அது சுமார் 58 ஆயிரம், நூற்றுக்குப் பதினைந்து. மொத்த மக்கள்தொகை கூடியபோதே நம் எண்ணிக்கை குறைந்தது. தீவுகளின் மொழி முகத்தில் நாம் ஒரு புருவம் என்றால், அந்தப் புருவம் மெலிந்துகொண்டு வருகிறது.

2021இல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போய், 2027 மார்ச் 1ஐ அடிப்படை நாளாகக் கொண்டு அடுத்தது அறிவிக்கப்பட்டிருக்கிறது. கணக்கெடுப்பாளர் நம் வாசலுக்கு வரும்போது, “எதை வேணும்னாலும் எழுதிக்கோங்க” என்று அனுப்பிவிடாமல், வீட்டில் பேசும் மொழியைக் கேட்டு எழுதச் சொல்வோம். அதோடு, பத்திரிகையிலோ பாடப்புத்தகத்திலோ ஒரு நாட்டுக்கோ மாவட்டத்துக்கோ சிரித்த முகம் போட்டிருந்தால், வாய்க்கு எந்த எண்ணைக் கொடுத்தார்கள், எந்த எண்ணை விட்டுவிட்டார்கள் என்று கேட்க நம்ம பிள்ளைகளுக்குப் பழக்குவோம்.

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பது உண்மைதான். ஆனால் அந்த முகத்தை இன்னொருவர் வரைந்திருந்தால், வரைந்தவரின் அகமும் அதில் கொஞ்சம் தெரியும்.