ப்ராஜெக்ட் ரிப்போர்ட் பிறந்த கதை

சொந்தமாகத் தொழில் தொடங்கக் கடன் கேட்டுப் போகிற எவரும் தவிர்க்க முடியாத ஒன்று, ப்ராஜெக்ட் ரிப்போர்ட். மாவட்டத் தொழில் மையத்தில் கேட்பார்கள், வங்கியில் கேட்பார்கள். மானியத்துக்கு ஆன்லைனில் விண்ணப்பித்தாலும் அதை ஸ்கேன் செய்து ஏற்றச் சொல்வார்கள். ஆனால் பலர் அதை எழுதுவதில்லை, காசு கொடுத்து வாங்கிவிடுகிறார்கள். தொழிலின் பெயரையும் வேண்டிய கடன் தொகையையும் சொன்னால் போதும். ஐந்து வருட லாபக் கணக்கோடு, ஸ்பைரல் பைண்டிங் போட்டுக் கைக்கு வந்துவிடும். வாங்கியவர் அதைப் பிரித்துப் படிப்பதுகூட அபூர்வம்.

அந்தத் தாள்கள் எதற்காகப் பிறந்தவை என்று தெரிந்தால் இப்படிச் செய்ய மனம் வராது. நிலமோ வீடோ இல்லாதவருக்கும் வங்கி கடன் கொடுக்கலாம் என்ற எண்ணம் இந்த நாட்டில் வேர்விட்ட காலத்தில், சொத்துப் பத்திரத்துக்குப் பதிலாக மேசைமேல் வைக்க வந்த ஆவணம் அது.

அதற்கு முன்னால் கடன் என்பது ஆளைத் தெரிந்து கொடுப்பது. கேட்பவரின் குடும்பம், ஊர், பழைய வரவு செலவு எல்லாம் லேவாதேவிக்காரருக்கு மனப்பாடம். வங்கிகளுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. அவை ஈடு கேட்டன. கிடங்கில் பஞ்சுப் பொதியோ நெல் மூட்டையோ அடுக்கி, வங்கியின் பூட்டைப் போட்டுச் சாவியைக் கொடுத்தால் அதன் மதிப்பில் ஒரு பங்கு கடனாக வரும். வியாபாரிக்கு இது சரிப்பட்டது. ஆனால் நேற்றுவரை யாரோ ஒருவரின் பட்டறையில் லேத் ஓட்டிவிட்டு, நாளை சொந்தமாக ஒரு லேத் போட நினைப்பவரிடம் பூட்டிவைக்க என்ன இருக்கிறது? அவருடைய கைத்திறனைக் கிடங்கில் அடுக்க முடியாதே.

சுதந்திரத்துக்குப் பிறகு சிறுதொழிலை வளர்க்க வேண்டும் என்று அரசு முடிவு செய்தபோது முதலில் வந்து நின்ற சிக்கல் இதுதான். 1953-இல் ஃபோர்டு அறக்கட்டளையின் உதவியோடு ஒரு வெளிநாட்டு வல்லுநர் குழு வந்து இந்தியாவின் சிறுதொழில்களைச் சுற்றிப் பார்த்தது. அடுத்த ஆண்டு வந்த அதன் அறிக்கையைத் தொடர்ந்து சில அமைப்புகள் உருவாயின. மத்திய அரசில் சிறுதொழில் வளர்ச்சி ஆணையர் அலுவலகம் வந்தது. 1955-இல் தேசிய சிறுதொழில் கழகம் வந்து, எந்திரங்களைத் தவணை முறையில் கொடுக்கத் தொடங்கியது. தொழில் தொடங்குவோருக்கு யோசனை சொல்லச் சிறுதொழில் சேவை நிலையங்கள் பிறந்தன. சென்னையில் அந்த நிலையம் பின்னாளில் இயங்கியது கிண்டியில். 1958-இல் தொடங்கிய கிண்டித் தொழிற்பேட்டை அதற்குப் பக்கத்தில்தான்.

ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டின் அச்சு வார்க்கப்பட்டது இந்தச் சேவை நிலையங்களில் என்பேன். ஒவ்வொரு பொருளுக்கும் அவர்கள் ஒரு மாதிரித் திட்டம் போட்டு வெளியிட்டார்கள். சோப்பு, மரச்சாமான், பூட்டு, மெழுகுவத்தி என்று எதுவானாலும் ஒரே வரிசைதான். முதலில் அறிமுகம், பிறகு சந்தை வாய்ப்பு. அதன்பின் கணக்குக்கான அனுமானங்கள்: ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் கொண்ட ஒரே ஷிப்ட், மாதம் 25 நாள், வருடத்துக்கு 300 நாள் வேலை. அடுத்து செய்முறை. பிறகு நிலம், கட்டடம், எந்திரம் என்று நிலை முதலீடு. மூலப்பொருள், சம்பளம், மின்சாரம், வாடகை, தபால் செலவு என்று ஒரு மாதத்துக்குரிய நடைமுறை மூலதனம். கடைசியில் வருட உற்பத்திச் செலவு, விற்றுமுதல், லாபம், எவ்வளவு விற்றால் கையைக் கடிக்காது என்கிற கணக்கு. எந்திரம் எங்கே கிடைக்கும் என்ற முகவரிகளோடு முடியும். இன்று விலைக்கு வாங்கும் ரிப்போர்ட்டைப் புரட்டினால் இதே வரிசையைப் பார்க்கலாம், அந்த 300 நாள் உள்பட.

அந்த மாதிரித் திட்டங்களை எழுதியவர்கள் பொறியாளர்களும் பொருளாதாரம் படித்தவர்களும். எந்திரத்தின் விலையையும் அதன் உற்பத்தித் திறனையும் விசாரித்து எழுதினார்கள். எண்ணெய் ஆட்டவோ பூட்டு செய்யவோ மட்டும் தெரிந்த ஒருவர், தன் தொழிலைக் கணக்காகப் பார்க்க முதன்முதலில் வழிசெய்தவை அந்தத் தாள்கள்தான். அரசுத்துறை செய்த நல்ல காரியங்களில் அதிகம் பேசப்படாத ஒன்று இது.

அதே பத்தாண்டில் அமெரிக்காவில் இன்னொரு வகைத் திட்டம் பிறந்துகொண்டிருந்தது. 1957-இல் கென் ஓல்சன், ஹார்லன் ஆண்டர்சன் என்ற இரண்டு பொறியாளர்கள், பாஸ்டனில் ஜார்ஜஸ் டோரியோ நடத்திய முதலீட்டு நிறுவனத்துக்குச் சில பக்கங்களில் ஒரு திட்டம் எழுதிக் கொடுத்தார்கள். கம்ப்யூட்டர் என்ற சொல்லைப் பெயரில் வைக்காதீர்கள், அந்தத் தொழிலில் யாரும் லாபம் பார்க்கவில்லை என்று அங்கே சொன்னார்கள். பெயரை மாற்றிக்கொண்டு 70,000 டாலர் வாங்கித் தொடங்கியதுதான் டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன், டெக் என்று பின்னாளில் புகழ்பெற்ற கம்பெனி. அங்கே பணம் போட்டவர் கம்பெனியில் பங்கு எடுத்துக்கொண்டார். அதனால் எவ்வளவு பெரிதாக வளரும் என்பதே அவர்கள் திட்டத்தின் உயிர். நம் நாட்டில் பணம் கொடுத்தது வங்கி. அதற்கு வேண்டியது மாதத் தவணை. எனவே நம் ரிப்போர்ட் கடனைத் திருப்பிக் கட்ட முடியும் என்று காட்டுவதற்காகவே வளர்ந்தது. இந்த வித்தியாசத்தை மனத்தில் வைத்துக்கொண்டால், வெளிநாட்டுப் புத்தகங்களைப் பார்த்து மேனேஜரிடம் கனவுகளை நீட்டிக்கொண்டிருக்க மாட்டோம்.

1955 ஜூலை 1-இல் இம்பீரியல் வங்கி ஸ்டேட் பாங்க் ஆனது. அடுத்த ஆண்டே ஒன்பது ஊர்களில் சிறுதொழிலுக்கான சோதனைத் திட்டம் ஒன்றை அது தொடங்கியது. பெரிய திருப்பம் 1967-இல் வந்தது. தொழில் தெரிந்தவர், ஆனால் கையில் முதல் இல்லாதவர். அவருடைய திட்டம் தேறும் என்று தோன்றினால் முழுப் பணத்தையும் வங்கியே கொடுக்கலாம் என்று ஸ்டேட் பாங்க் ஒரு திட்டம் அறிவித்தது. 1969 ஜூலை 19-இல் இந்தியன் வங்கி, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி உள்பட 14 வங்கிகள் நாட்டுடைமை ஆயின. சிறுதொழிலுக்குக் கொடுப்பது வங்கிகளின் கடமையாயிற்று. சொத்தைப் பார்க்கப் பழகிய மேனேஜர்கள் திட்டத்தைப் பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டிய காலம் அது.

திட்டத்தை எழுத ஆட்களைப் பழக்கும் முயற்சியும் அதே காலத்தில் நடந்தது. ஹார்வர்டு உளவியலாளர் டேவிட் மெக்கிளெலாண்ட் 1960-களின் நடுவில் ஆந்திரத்தின் காக்கிநாடாவிலிருந்தும் நம் வேலூரிலிருந்தும் வியாபாரிகளை ஹைதராபாத்துக்கு அழைத்துப் பயிற்சி கொடுத்தார். தன் இலக்கு என்ன என்பதை அவரவரே திட்டவட்டமாக வகுத்துக்கொள்வது அந்தப் பயிற்சியின் முக்கியமான பகுதி. பயிற்சி பெற்றவர்கள் பிறரைவிட அதிகமாகப் புதுத்தொழில் தொடங்கினார்கள் என்று அவர் பின்னர் எழுதினார். 1970 முதல் குஜராத்தில் தொழில்முனைவோர் பயிற்சிகள் தொடங்கின. அங்கே பயிற்சிக்கு வந்தவரே சந்தைக்குப் போய் விசாரித்துத் தன் ரிப்போர்ட்டைத் தானே தயாரிக்க வேண்டும். அந்த அனுபவத்திலிருந்துதான் 1983-இல் அகமதாபாத்தில் தொழில்முனைவு வளர்ச்சி நிறுவனம் எழுந்தது.

இன்னொரு கிளை ரிசர்வ் வங்கியிலிருந்து வந்தது. 1974-இல் பிரகாஷ் டாண்டன் தலைமையில் அது அமைத்த குழு, ஈடு எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதைவிடத் தொழிலுக்கு எவ்வளவு பணம் வேண்டும் என்று பாருங்கள் என்றது. வரப்போகும் வருடத்தின் உத்தேச இருப்புநிலைக் குறிப்பை வங்கிகள் கேட்டுப் பார்க்கும் வழக்கம் அதன்பின் பலப்பட்டது. பெரிய கம்பெனிகளுக்குப் பொருந்திய அந்தக் கணக்கு சின்னப் பட்டறைக்குப் பாரமாக இருந்தது. 1991-இல் அமைந்த நாயக் குழு அதை எளிதாக்கியது. ஒரு வருட விற்றுமுதலில் 25 சதவீதம் நடைமுறை மூலதனமாக வேண்டியிருக்கும், அந்த 25-இல் 20 சதவீதத்தை வங்கி கொடுக்கட்டும், 5 சதவீதத்தைத் தொழில் செய்பவர் போடட்டும் என்றது.

ஒரு மரச்செக்கை வைத்து இதைப் பார்க்கலாம். வருடம் 30 லட்சம் ரூபாய்க்கு விற்கும் என்று எதிர்பார்க்கிறீர்கள். நாயக் கணக்கில் நடைமுறை மூலதனம் ஏழரை லட்சம். வங்கி 6 லட்சம், நீங்கள் ஒன்றரை லட்சம். இந்த 25 சதவீதத்துக்குள் ஒரு அனுமானம் ஒளிந்திருக்கிறது: போட்ட காசு மூன்று மாதத்தில் திரும்பி வந்துவிடும் என்பதுதான் அது. செக்குக்காரருக்கு வருமா? நிலக்கடலை அறுவடை நேரத்தில்தான் நல்ல பருப்பு நல்ல விலைக்குக் கிடைக்கும். அப்போதே ஆறு மாதத்துக்கு வாங்கி வைத்தால் பணம் மூட்டையில் முடங்கும். நூறு கிலோ பருப்பு ஆட்டினால் ஏறக்குறைய நாற்பது கிலோ எண்ணெய், மீதி பெரும்பாலும் புண்ணாக்கு. எண்ணெயை மளிகைக் கடைக்குப் போட்டால் கடைக்காரர் உடனே காசு தரமாட்டார், புண்ணாக்கை மாடு வைத்திருப்பவர் பெரும்பாலும் கையோடு காசு கொடுத்து வாங்கிப்போவார். இப்படி நாள் கணக்குப் போட்டுப் பார்த்தால் மூன்று மாதம் போதாது என்று தெரியும். 20 சதவீதம் குறைந்தபட்ச அளவுதான். காசு திரும்ப அதிக நாள் ஆகும் என்று காரணத்தோடு காட்டினால் கூடுதலாகக் கேட்க விதியிலேயே இடம் இருக்கிறது. விலைக்கு வாங்கிய ரிப்போர்ட்டில் இந்த ஒரு பக்கம் இருக்காது. செக்குகள் மூச்சுத்திணறி நிற்பதும் இங்கேதான். எந்திரம் இருக்கும், வாடிக்கையாளர் இருப்பார், பருப்பு வாங்கப் பணம் இருக்காது.

அப்படியானால் நல்லதற்காகப் பிறந்த ஆவணம் எப்படி வெறும் இணைப்புத் தாளாகத் தேய்ந்தது? எளிமையும் இலக்கும் சேர்ந்து செய்த வேலை என்று நினைக்கிறேன். 1993-இல் படித்த இளைஞர்களுக்கான பிரதமரின் வேலைவாய்ப்புத் திட்டம் வந்தது. 2008-இல் அது கிராமப்புறத் திட்டத்தோடு இணைந்து இன்றைய பி.எம்.இ.ஜி.பி. ஆனது. தமிழக அரசின் நீட்ஸ் போன்ற திட்டங்களும் வந்தன. எல்லாமே தேவையானவை, பலரை வாழவைத்தவை. ஆனால் மாவட்டத்துக்கு இத்தனை பேர் என்று இலக்கு வைத்தபோது, விண்ணப்பங்கள் குவிந்தன, படிக்க நேரம் குறைந்தது. இன்னொரு பக்கம், 20 சதவீதச் சூத்திரத்தைத் தலைகீழாகப் போடக் கற்றுக்கொண்டார்கள். 10 லட்சம் கடன் வேண்டுமா? விற்றுமுதலை 50 லட்சம் என்று எழுது. முதல் வருடம் 60 சதவீத உற்பத்தி, அடுத்து 70, பிறகு 80. தவணையைப் போல ஒன்றரை மடங்கு பணம் கையில் நிற்கும்படி லாபத்தைச் சரிசெய். கோழிப்பண்ணைக்கும் பேக்கரிக்கும் இதே 60, 70, 80 என்றால் அதில் எந்தத் தொழில் இருக்கிறது? தொழிலிலிருந்து எண் பிறக்க வேண்டிய இடத்தில் கடனிலிருந்து எண் பிறக்கிறது.

இதனால் கெட்டது வங்கியின் நம்பிக்கை மட்டும் இல்லை. ரிப்போர்ட்டை நம்பாத மேனேஜர் மறுபடி பழைய கேள்விக்கே திரும்புகிறார்: சொத்து ஏதாவது இருக்கிறதா? யாருக்காக இந்தத் தாள் பிறந்ததோ அவர்தான் அந்தக் கேள்வியின் முன்னால் வாயடைத்து நிற்கிறார். இத்தனைக்கும் குறு, சிறு தொழில்களுக்கு 10 லட்சம் வரையிலான கடனுக்குச் சொத்து ஜாமீன் கேட்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2010-லேயே சொல்லிவிட்டது. ஈடில்லாத கடனுக்கு வங்கிக்கு உத்தரவாதம் தரும் நிதியம் 2000-இலிருந்து இருக்கிறது. கதவு திறந்துதான் இருக்கிறது. உள்ளே போகிறவர் கையில் நம்பும்படியான கணக்கு வேண்டும்.

அதனால் புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்களுக்கு என் வேண்டுகோள் இது. டைப் அடிக்கவும் அட்டவணை போடவும் யாரிடம் வேண்டுமானாலும் கொடுங்கள், கூலி கொடுத்தால் தவறில்லை. எண்களை மட்டும் நீங்களே அலைந்து விசாரித்துக் கொடுங்கள். எந்திரத்துக்கு இரண்டு மூன்று இடத்தில் கொட்டேஷன் வாங்குங்கள். அதே எந்திரத்தை ஓட்டுகிற ஒருவரிடம் போய், உண்மையில் ஒரு நாளைக்கு எவ்வளவு ஓடுகிறது, கரண்ட் பில் எவ்வளவு, எந்த மாதம் படுக்கும் என்று கேளுங்கள். நீங்கள் சரக்குப் போடப்போகும் கடைகளில் எத்தனை நாள் கடன் சொல்வார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். 300 நாளை அடித்துவிட்டு உங்கள் ஊர்த் திருவிழாவையும் மழையையும் மின்தடையையும் கழித்து வருகிற நாளைப் போடுங்கள். கணக்கு கையைக் கடிக்கிறது என்று அப்போதே தெரிந்தால் தொழிலைச் சிறிதாக்குங்கள், அல்லது தள்ளிப்போடுங்கள். கடன் வாங்கிய பிறகு தெரிவதைவிட அது எவ்வளவோ மேல். மேனேஜர் எந்தப் பக்கத்தைப் புரட்டிக் கேட்டாலும், தாளைப் பார்க்காமல் பதில் சொல்லும் அளவுக்கு அந்த ரிப்போர்ட் உங்களுடையதாக இருக்கட்டும்.