ஓ.பி. வரிசையும் புதன்கிழமை ஊசியும்

கல்லூரி மருத்துவமனை ஓ.பி.க்குக் குழந்தை அழுதுகொண்டே வரும். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தடுப்பூசி நாளான புதன்கிழமை சிரித்துக்கொண்டே வந்து, ஊசிக்குப் பிறகு அழும். குழந்தைகள் நலப் பயிற்சியின்போது இரண்டு இடங்களிலும் நான் நின்றிருக்கிறேன். ஒரே பாடம்தான், ஆனால் இரண்டும் என்னை வேறுவேறு விதமாகப் பார்க்கப் பழக்கின.

ஓ.பி.யில் காலையிலேயே சீட்டு வரிசை வாசலைத் தாண்டிவிடும். சளி, காய்ச்சல், பேதி, வலிப்பு என்று வருபவற்றில் எதை வீட்டுக்கு அனுப்பலாம், எதை உடனே வார்டில் சேர்க்க வேண்டும் என்று பிரிப்பதே முதல் வேலை. ஸ்டெதஸ்கோப்பை எடுக்கும் முன்பே என் ஆசிரியர் தடுத்தார். "அம்மா மடியிலேயே இருக்கட்டும். சட்டையைத் தூக்கிட்டு ஒரு நிமிஷம் முழுசா மூச்சை எண்ணும்மா" என்றார். இரண்டு மாதம் நிறையாத குழந்தைக்கு 60, ஒரு வயது வரை 50, அதன்பின் ஐந்து வயது வரை 40. எண்ணிக்கை இதைத் தொட்டால் வேகமூச்சு. விலாவுக்குக் கீழே நெஞ்சு உள்ளிழுத்தால் இன்னும் ஆபத்து. சிறு குழந்தையின் மூச்சு சீராக ஓடாது என்பதால், அரை நிமிடம் எண்ணி இரட்டிப்பாக்கினால் கணக்குத் தப்பும். வரிசை நெருக்கும்போது அந்த ஒரு நிமிடம் மிக நீளமானது. அதை விட்டுக்கொடுக்காதிருக்க ஓ.பி.தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தது.

அங்கேயே ஒரு தவறும் செய்தேன். பேதியோடு எட்டு மாதக் குழந்தை ஒன்று வந்தது. வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பார்த்தேன், நீரிழப்பு இல்லை. ஓ.ஆர்.எஸ்., 14 நாளுக்கு ஜிங்க் என்று எழுதினேன். மருந்தில் பிழையில்லை. ஆனால் தாயின் பையில் இருந்த தாய் சேய் நல அட்டையை நான் கேட்கவேயில்லை. அன்றைய எடையைக் குறித்தேனே தவிர, போன மாத எடை என்ன என்று கேட்கத் தோன்றவில்லை.

சுகாதார நிலையத்தில் எல்லாம் அந்த அட்டையில்தான் தொடங்குகிறது. கிராம சுகாதாரச் செவிலியரை ஊரார் நர்சம்மா என்பார்கள். ஆறாம் வாரக் குழந்தைக்கு இரண்டு வகைச் சொட்டு மருந்து, மூன்று ஊசி. எந்தக் கை, எந்தத் தொடை என்பதில்கூட அவருக்குக் குழப்பமில்லை. தட்டம்மை-ரூபெல்லா மருந்தைக் கலந்ததும் புட்டியின்மேல் நேரத்தை எழுதுவார். நான்கு மணி நேரம் கடந்தால் அதைத் தொடமாட்டார். ஊசி போட்டபின் அரைமணி நேரம் எல்லோரையும் உட்காரவைப்பார். நான் அதிகம் கற்றது அந்த அரைமணியில்தான்.

ஒன்பதாம் மாத ஊசிக்கு வந்த ஒரு குழந்தையின் எடைக்கோடு இரண்டு மாதமாக ஏறவில்லை.

"வேலைக்குப் போறியாம்மா? பகல்ல யாரு பாத்துக்கறா?"

"அத்தைதான்க்கா. கஞ்சித் தண்ணி குடுக்கறாங்க. கெட்டியா குடுத்தா செரிக்காதாம்."

நர்சம்மா திட்டவில்லை. "அடுத்த வாட்டி அத்தையையும் கூட்டிட்டு வா, நானே சொல்றேன். பருப்புசாதத்துல கொஞ்சம் எண்ணெய் விட்டுப் பிசைஞ்சு கெட்டியா ஊட்டு" என்றார்.

அந்தக் குழந்தைக்கு நோய் எதுவும் இல்லை. இப்படியே விட்டிருந்தால், இன்னும் மெலிந்து, நெஞ்சுச்சளியோடு எங்கள் ஓ.பி. வரிசையில் வந்து நின்றிருக்கக்கூடும்.

அந்த ஆறாம் வார ஊசிகளில் ஒன்றான பெண்டா தடுப்பூசி இந்தியாவில் முதலில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும்தான், 2011 டிசம்பரில், வழக்கத்துக்கு வந்தது. அது தடுக்கும் ஐந்து கிருமிகளில் ஒன்று, நிமோனியாவும் மூளைக்காய்ச்சலும் தரும் ஹிப் கிருமி. ஓ.பி.யில் நான் பார்க்காமலே போன நோயாளிகள் பலர் இப்படியொரு புதன்கிழமையில் காக்கப்பட்டவர்கள்.

மூச்சுத் திணறும் குழந்தைக்கு ஓ.பி.யும் வார்டும் இன்றி வேறு வழியில்லை. ஆனால் மாணவர்களை முதலில் அனுப்ப வேண்டிய இடம் தடுப்பூசி நாள்தான் என்பேன். நலமான குழந்தைகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கே நோயுற்ற குழந்தை சட்டெனத் தனித்துத் தெரியும். எனக்கோ ஓ.பி.யில் பல வாரங்கள் கிடைத்தன; புதன்கிழமைகள் கொஞ்சம்தான்.

தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். காய்ச்சலோ பேதியோ, எதற்காக ஓ.பி.க்கு வந்தாலும் அந்த அட்டையைக் கையோடு கொண்டுவாருங்கள். நாங்கள் கேட்க மறந்தாலும் மேசைமேல் எடுத்து வையுங்கள்.