ரோபோட்டிக்ஸ் வகுப்பு யாருக்கு?



பள்ளியில் ரோபோட்டிக்ஸ் வகுப்பு என்றதும் "அது நல்லாப் படிக்கிற பிள்ளைங்களுக்குத்தானே டீச்சர்?" என்று கேட்கிறார்கள். அதன் வரலாறோ வேறு கதை சொல்கிறது.

1967-இல் அமெரிக்காவில் சேமூர் பேப்பர்ட்டும் அவருடன் இருந்தவர்களும் சிறுவர்களுக்காக 'லோகோ' என்ற கணினி மொழியை உருவாக்கினார்கள். அதன் கட்டளைப்படி தரையில் ஓடிய சிறு ரோபோவுக்கு ஆமை என்று பெயர். ஆமை தப்பாகத் திரும்பினால் திட்டு கிடையாது. கட்டளையைத் திருத்தி மறுபடி ஓட்டிப் பார்க்கலாம். கோணமும் அளவும் தானாக மனதில் பதியும்.

1999-இல் அதே பேப்பர்ட், மெய்ன் மாநிலத்தில் சிறார் சீர்திருத்த இல்லத்துக்குள் ஒரு வகுப்பைத் தொடங்கினார். பள்ளி கைவிட்ட பிள்ளைகள் அங்கே லெகோ துண்டு, மோட்டார், சென்சார் வைத்து இயந்திரங்கள் செய்தார்கள்.

நம் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளிலும் 2003-இல் செயல்வழிக் கற்றல் வந்தது. தரையில் உட்கார்ந்து, அட்டைகளை எடுத்து, அவரவர் வேகத்தில் படிக்கும் முறை. பின்னர் 2016-இல் தொடங்கிய அடல் புத்தாக்கத் திட்டத்தில் 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை ரோபோட்டிக்ஸ் செய்துபார்க்கும் ஆய்வகங்கள் வந்தன.

எண்ணூரில் அசோக் லேலண்ட், திருவொற்றியூரில் 1955 முதல் என்ஃபீல்டு. ஸ்பேனர் பிடித்த கையால்தான் நம் பகுதியில் பல வீடுகளில் அடுப்பு எரிந்தது. அந்த வீட்டுப் பிள்ளை மார்க் குறைவு என்று ஆய்வகத்துக்கு வெளியே நிற்கலாமா?

இன்று ஆசிரியராக இருக்கும் என் பிள்ளைகளே, ஆய்வகக் கதவைத் திறந்ததும் கடைசி பெஞ்சை முதலில் கூப்பிடுங்கள்.