போனது பலூடா, வந்தது அத்தோ

ஆவடியில் மின்தொடர் வண்டி ஏறினால், அம்பத்தூர், வில்லிவாக்கம், பெரம்பூர், வியாசர்பாடி ஆகியவற்றைக் கடந்து சென்னைக் கடற்கரை நிலையத்தில் இறங்கலாம். பூவிருந்தவல்லியில் உள்ளோர் பேருந்தில் பாரிமுனைக்கு வருவர். அந்தி சாய்ந்த வேளையில், பர்மா பஜாருக்குப் பின்னே இரண்டாவது கடற்கரைச் சாலையில் நடப்பவரை எண்ணெயில் சிவந்த பூண்டின் மணம் நிறுத்திவிடும். அங்கே தள்ளுவண்டிகளில் 'அத்தோ' பிசைந்துகொண்டிருப்பார்கள்.

செம்மஞ்சள் நிறமேற்றிய தடித்த கோதுமை நூடுல்ஸ். அதனுடன் மெல்லிதாய் அரிந்த பச்சை முட்டைக்கோஸ், வெங்காயம், பொரித்த வெங்காயம், பொட்டுக்கடலை மாவு, புளிக்கரைசல், இடித்த மிளகாய், பூண்டெண்ணெய். எல்லாவற்றையும் கையால் பிசைந்து, 'பேஜோ' என்னும் மொறுமொறுப்பான தட்டையை நொறுக்கித் தூவி, பக்கத்தில் ஒரு கிண்ணம் வாழைத்தண்டு சூப்பும் வைப்பார்கள். உண்டு மகிழ்ந்து செல்வோர் பலர். இவ்வுணவு இங்கு எப்படி வந்தது என்று கேட்போர் மிகச் சிலரே. கேட்டால், நம் முன்னோர் வாழ்ந்து, உழைத்து, இழந்து திரும்பிய ரங்கூன் மாநகரின் வரலாறு அந்தத் தட்டிலிருந்தே தொடங்கும்.

கலந்து பிசைந்த உணவைப் பர்மியர் 'அதோக்' என்பர். தமிழர் நாவில் அது 'அத்தோ' ஆயிற்று. பொரித்த பருப்பைக் குறிக்கும் பர்மியச் சொல்லே நம்மிடம் 'பேஜோ' என வழங்குகிறது. மீன் குழம்பில் வாழைத்தண்டும் அரிசி நூடுல்ஸும் சேரும் 'மொஹிங்கா' பர்மியரின் காலையுணவு. நம் வண்டிகளில் கிடைக்கும் சூப்பு அதன் வழிவந்ததே.

1937 வரை பர்மா பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். சென்னையிலிருந்து கப்பலேறுவோர்க்கு அது அயல்நாடாகத் தோன்றவில்லை. நெல்லும் தேக்கும் வளங்கொழித்த அம்மண்ணுக்குச் செட்டிநாட்டு வணிகர் மூலதனத்துடன் சென்றனர். துறைமுகத்திலும் ஆலையிலும் கூலிவேலை தேடிச் சென்றோர் எண்ணற்றோர். இராமநாதபுரம், தஞ்சைக் கடற்கரையூர்களின் முஸ்லிம்கள் கடை வைத்து வாணிபம் செய்தனர். 'சூலியா' என அங்கே அழைக்கப்பட்ட இவர்களின் பெயர் தாங்கிய பள்ளிவாசல் ரங்கூனில் இன்றும் உள்ளது. 1931-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது ரங்கூன் மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியராகவே இருந்தனர்.

சென்றவர்கள் வெறுங்கையுடன் செல்லவில்லை. தம் அடுப்படியையும் கொண்டு சென்றனர். இந்தியரின் பராட்டா பர்மியருக்குப் 'பலாட்டா' ஆயிற்று. சமோசாவை வெட்டி, முட்டைக்கோஸும் புளிப்பும் சேர்த்து அதனையும் ஓர் அதோக் ஆக்கிவிட்டனர். 'தம் புக்த்' என்னும் பாரசீகப் பெயரின் திரிபாக 'டான்பாவ்' என்ற பிரியாணி அங்கே புகழ்பெற்றது.

இனிப்பிலும் அவ்வாறே. பாரசீகத்தில் மாவுச்சத்தை இழையாகப் பிழிந்து, பனிக்கட்டியும் பன்னீரும் சேர்த்து உண்ட 'பாலூதா', இந்தியாவில் பாலும் சப்ஜா விதையும் சேர்ந்து பலூடாவாகி, இந்தியருடன் பர்மாவுக்கும் சென்றது. முகலாயரின் கடைசி மன்னர் பகதூர் ஷா ஜஃபர் நாடுகடத்தப்பட்டு, 1862-இல் உயிர்நீத்து அடக்கமானதும் அதே ரங்கூனில்தான். பலூடாவும் இழைதான், அத்தோவும் இழைதான். நாம் இனிப்பிழையைக் கொடுத்தோம். உவர்ப்பும் புளிப்பும் கலந்த இழையைப் பெற்றோம்.

ஆனால் பெற்ற விதம் இனிமையானதன்று. 1941 டிசம்பரில் ஜப்பானியர் ரங்கூன்மீது குண்டு வீசினர். பல லட்சம் இந்தியர் அடுத்த ஆண்டு காடும் மலையும் கடந்து கால்நடையாகவே தாயகம் திரும்பினர். வழியில் மாண்டோர் பல்லாயிரவர். போர் முடிந்தபின் மீண்டும் சென்று வாழ்வைத் தொடங்கியோரை இரண்டாம் அடி தாக்கியது. 1962 மார்ச்சில் தளபதி நே வின் ஆட்சியைக் கைப்பற்றினார். 1964-இல் கடைகள் அரசுடைமையாயின. அதே ஆண்டில் 50, 100 கியாத் நோட்டுகள் செல்லாதவையாயின. வாழ்நாள் சேமிப்பு ஒரே ஆணையில் வெறுந்தாளாயிற்று. 1960-களில் ஏறத்தாழ 3 லட்சம் இந்தியர் பர்மாவை விட்டு வெளியேறினர். கப்பல்கள் சென்னைத் துறைமுகத்தில் அவர்களை இறக்கின.

வந்தோரில் பலர் வியாசர்பாடி போன்ற பகுதிகளில் குடியமர்ந்தனர். 1969-இல் துறைமுகத்தின் எதிரே பர்மா பஜார் தோன்றியது. கடை கிடைக்காதோர்க்கு முதலீடு ஏது? அரிசியும் நெய்யும் வாங்கப் பொருளில்லை. நூடுல்ஸும் முட்டைக்கோஸும் புளியும் பூண்டும் மலிவு. பிசையக் கை ஒன்றே போதும். ரங்கூன் தெருவோரத்தில் தாம் உண்ட உணவைச் சென்னைத் தெருவோரத்தில் விற்றுப் பிழைத்தனர். மீன் சாறும் கருவாட்டுத்தூளும் பெரும்பாலும் விலகின. சென்னையின் நாவுக்கேற்பக் காரம் ஏறிற்று. இன்று நாம் உண்பது ரங்கூனின் உணவன்று, சென்னையின் உணவுமன்று. இரண்டையும் இழக்க மனமில்லாதவர்கள் ஆக்கிய உணவு.

அந்த 1964-ஆம் ஆண்டிலேயே அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் தொடங்கியது. பிழைப்புத் தேடிப் பல ஊரினர் குடியேறி வளர்ந்தவை நம் மேற்குப் புறநகர்கள். இங்கும் இப்போது மாலையில் அத்தோ வண்டிகள் தென்படுகின்றன. நோன்புப் பெருநாள் இரவில் நம் பிள்ளைகள் குடும்பத்தோடு சென்று அத்தோவும் பலூடாவும் உண்கின்றனர். 'பர்மா உணவு' என்ற பலகையை மட்டும் அவர்கள் படிக்கின்றனர். அதைக் கொண்டுவந்த குடும்பங்களின் பெயர் அப்பலகையில் இல்லை. நம் வரலாற்று நூல்களிலும் அவர்களுக்குரிய பக்கங்கள் மிகக் குறைவு.

கப்பலில் வந்திறங்கியபோது பத்து வயதாயிருந்தவர்க்கு இன்று எழுபது கடந்துவிட்டது. உங்கள் வீட்டிலோ, அடுத்த தெருவிலோ அத்தகைய பெரியவர் ஒருவர் இருக்கக்கூடும். எந்தத் தெருவில் குடியிருந்தார்கள், எந்தக் கப்பலில் வந்தார்கள், பெட்டியில் என்ன கொண்டுவந்தார்கள் என்று கேளுங்கள். கேட்டதை ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். அடுத்தமுறை கடற்கரை நிலையத்தில் இறங்கும்போது, பிள்ளைகளுக்கு அத்தோவோடு அந்தக் கதையையும் பரிமாறுங்கள்.